முன்னிலையில் நிற்கும் படர்க்கை: 'உஸ்தெத்' என்ற சொல்லின் கதை

ஸ்பானிய மொழி கற்கத் தொடங்கிய மூன்றாம் மாதத்தில் நான் செய்த ஒரு தவறுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். கொலம்பியாவின் தலைநகர் போகோத்தாவில் வாழும் என் ஆசிரியையுடன் இணையவழியில் பேசிக்கொண்டிருந்தேன். தோழி ஒருத்தி வேலை மாறிப் போனதைப் பற்றி எனக்குத் தெரிந்த சொற்களைக் கொண்டு ஒருவாறு சொல்லி முடித்திருந்தேன். அப்போது அவர், "கோமோ எஸ்தா சு மாத்ரெ?" என்று கேட்டார். 'சு' என்றால் 'அவளுடைய' என்று முதல் வாரத்திலேயே படித்திருந்ததால், தோழியின் தாயாரைத்தான் விசாரிக்கிறார் என்று எண்ணி, அவருடைய மூட்டுவலியிலிருந்து தொடங்கி விரிவாக விடை சொன்னேன். பொறுமையாகக் கேட்டு முடித்த ஆசிரியை, தாம் விசாரித்தது என் தாயாரைத்தான் என்று சிரிக்காமல் சொன்னார். 'சு' என்பது 'அவனுடைய', 'அவளுடைய' என்பதோடு 'உங்களுடைய' என்றும் பொருள்படும் என்பதை நான் அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன். முன்னிலைக்கும் படர்க்கைக்கும் ஒரே சொல் எப்படிப் போதும் என்று அன்று எழுந்த கேள்வி, 'உஸ்தெத்' என்ற அன்றாடச் சொல்லின் வரலாற்றில் என்னைக் கொண்டுபோய் விட்டது.

எதிரில் இருப்பவரை அழைக்க ஸ்பானியத்தில் தொடக்க மாணவர்களுக்கு இரண்டு சொற்களைக் கற்பிக்கிறார்கள். நெருங்கியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் 'தூ'. மரியாதைக்குரியவர்களுக்கும் அறிமுகம் இல்லாதவர்களுக்கும் 'உஸ்தெத்'. (ஒருவர் முகத்துக்கு நேரே 'தூ' என்று சொல்வது தமிழ்க் காதுக்குச் சற்றுச் சங்கடமானதுதான். பழகப் பழகச் சரியாகிவிடுகிறது.) 'உஸ்தெத்' என்பதன் கடைசி ஒலி நமக்குக் கடினமானது அன்று. 'அது' என்னும்போது நாக்கு பல்லை மெல்லத் தொட்டு விலகுகிறதே, அதே ஒலியைப் பாதியில் விழுங்கிவிட்டால் போதும். பேச்சு வழக்கில் அதையும் விட்டுவிட்டு 'உஸ்தே' என்று நிறுத்துபவர்கள் பலர்.

சிக்கல் வினைச்சொல்லில் இருக்கிறது. 'நீ உண்கிறாய்' என்பதற்கு 'தூ கோமெஸ்' என்றும், 'அவன் உண்கிறான்' என்பதற்கு 'எல் கோமெ' என்றும் சொல்ல வேண்டும். அப்படியானால் 'நீங்கள் உண்கிறீர்கள்' என்பதற்கு 'உஸ்தெத்' உடன் வேறொரு முடிவு வர வேண்டும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். ஆனால் 'உஸ்தெத் கோமெ' என்பதே சரியான வடிவம். அதாவது, எதிரில் இருப்பவரிடம் பேசினாலும் வினை படர்க்கை ஒருமையிலேயே நிற்கிறது. 'சு' என்ற உடைமைச் சொல்லும் அப்படியே படர்க்கையிலிருந்து வந்து நிற்கிறது. பாடநூல்கள் இதை ஒரு விதியாகச் சொல்லி மனப்பாடம் செய்யச் சொல்லும். காரணம் சொல்வது அரிது.

காரணம் இதுதான்: 'உஸ்தெத்' பிறப்பால் 'நீ', 'நீங்கள்' போன்ற சொல்லே அன்று. அது 'வுவெஸ்த்ரா மெர்செத்' என்ற இரண்டு சொற்கள் தேய்ந்து ஒன்றாகிப்போன மிச்சம். 'வுவெஸ்த்ரா' என்றால் 'உம்முடைய'. 'மெர்செத்' என்றால் 'அருள்', 'தயவு'. 'உம்முடைய அருள் உணவு உண்கிறதா?' என்று கேட்டால், உண்பது இலக்கணப்படி அருள்தானே ஒழிய எதிரில் நிற்பவர் அல்லர். ஆகவே வினை படர்க்கையில்தான் வந்தாக வேண்டும். சொற்கள் இரண்டும் உருத்தெரியாமல் ஒட்டிப்போன பிறகும் வினை மட்டும் பழைய இடத்தைவிட்டு நகரவில்லை. நாமும் ஒருவரை எதிரில் வைத்துக்கொண்டே 'ஐயா என்ன நினைக்கிறார்?' என்று கேட்பதுண்டு. நம்முடைய 'தாங்கள்' என்பதுகூட 'தான்', 'தாம்' என்ற படர்க்கைச் சொற்களின் குடும்பத்திலிருந்து முன்னிலைக்கு வந்து அமர்ந்ததுதான். நேருக்கு நேர் பார்த்துப் பேசுவதைவிடச் சற்று ஒதுங்கி நின்று பேசுவது மரியாதை என்ற எண்ணம், ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு மொழிகளிலும் ஒரே வழியில் வேலை செய்திருக்கிறது.

'மெர்செத்' என்ற சொல்லின் பயணமும் பார்க்கத்தக்கது. இலத்தீனில் 'மெர்கேஸ்' என்றால் கூலி, சம்பளம். 'சரக்கு' என்று பொருள்படும் 'மெர்க்ஸ்' என்ற சொல்லுக்கு உறவு. உழைப்புக்குக் கிடைப்பது கூலி என்ற பொருள், தகுதிக்குக் கிடைப்பது வெகுமதி என்று விரிந்து, பிறகு தகுதியைப் பார்க்காமலே கிடைப்பது அருள் என்று முற்றிலும் எதிர்த்திசைக்குப் போய்ச் சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர்கள் நன்றி சொல்லப் பயன்படுத்தும் 'மெர்ஸி' இதே வேரிலிருந்து வந்தது. ஸ்பெயினின் பழைய அரசுகளுள் ஒன்றான காஸ்தில்யாவில் இடைக்காலத்தில் அரசன் வழங்கும் நிலம், பட்டம், மானியம் எல்லாமே 'மெர்செத்' எனப்பட்டன. 1369இல் ஒரே தந்தைக்கு வேறு தாய் வயிற்றில் பிறந்த தன் உடன்பிறப்பான முதலாம் பெத்ரோவைக் கொன்று அரியணை ஏறிய இரண்டாம் என்ரிக்கே, தனக்குத் துணை நின்ற பிரபுக்களுக்கு நிலங்களையும் பட்டங்களையும் வாரி இறைத்ததால், 'மெர்செதெஸ்களின் என்ரிக்கே' என்றே வரலாற்றில் பெயர் பெற்றான். இசுலாமியர் ஆட்சிப்பகுதிகளில் சிறைப்பட்டிருந்த கிறித்தவர்களைப் பணம் கொடுத்து மீட்பதற்கென 1218இல் பார்சலோனாவில் தொடங்கப்பட்ட துறவியர் சபைக்கும் இதே சொல்தான் பெயராயிற்று. அச்சபையின் காவலான மாதாவின் பெயரிலிருந்து பெண்களுக்கு 'மெர்செதெஸ்' என்று பெயரிடும் வழக்கம் வந்தது. எமில் யெல்லினெக் என்ற வணிகர் தம் மகளை அழைத்த அந்தப் பெயரே மோட்டார் வண்டிக்கும் சூட்டப்பட்டது. விலையுயர்ந்த அந்த வண்டியின் பெயருக்குள் ஒரு கூலிக்காரனின் சம்பளம் ஒளிந்திருப்பதை அதில் பயணம் செய்பவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

இவ்வளவு கனமான ஒரு தொடர், ஒருவரைச் சாதாரணமாக அழைப்பதற்கு ஏன் தேவைப்பட்டது? ஏற்கெனவே இருந்த மரியாதைச் சொல் மலிந்துபோனதே காரணம். பழைய ஸ்பானியத்தில் 'தூ' என்பதற்கு மேலே 'வோஸ்' இருந்தது. இலத்தீனில் அது வெறும் பன்மை. பேரரசர்களை ஒருமையில் அழைக்கத் தயங்கிப் பன்மையில் அழைத்த வழக்கத்திலிருந்து அது மரியாதைச் சொல்லாகியது. சித் என்ற வீரனைப் பாடும் இடைக்கால ஸ்பானியக் காவியத்தில் அரசனும் சித்தும் ஒருவரையொருவர் 'வோஸ்' என்றே அழைத்துக்கொள்கிறார்கள். ஆனால் மரியாதையை யாருக்கும் மறுக்க முடியாதே. பிரபுவுக்குக் கொடுத்ததை வணிகன் கேட்டான். வணிகனுக்குக் கொடுத்ததைத் தச்சனும் கேட்டான். 16ஆம் நூற்றாண்டுக்குள் 'வோஸ்' எல்லாரிடமும் புழங்கி, கனவான் ஒருவரை அப்படி அழைத்தால் சண்டைக்கு வருவார் என்ற அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது.

ஒரு சொல் மரியாதை ஒருமைக்குப் போய்விட்டால், பன்மைக்கு வேறு சொல் வேண்டியதாகிறது. ஸ்பானியர் 'வோஸ்' உடன் 'மற்றவர்கள்' என்று பொருள்படும் 'ஓத்ரோஸ்' என்பதைச் சேர்த்து 'வோஸோத்ரோஸ்' என்று ஒரு புதிய பன்மையை உண்டாக்கினார்கள். இதைப் படித்தபோது எனக்கு வியப்பைவிடப் பழகிய ஒன்றைப் பார்த்த உணர்வே மேலோங்கியது. பழந்தமிழில் 'நீ' ஒருமை. 'நீயிர்', 'நீவிர்', 'நீர்' பன்மை. அந்த 'நீர்' ஒருவரை மரியாதையாக அழைக்கும் சொல்லாக மாறியபின், மீண்டும் ஒரு 'கள்' விகுதி சேர்ந்து 'நீங்கள்' என்ற பன்மை வழக்கூன்றியது. பிறகு அந்த 'நீங்கள்' என்பதையும் நாம் ஒருவருக்கே கொடுத்துவிட்டோம். இப்போது 'நீங்கள்லாம்', 'நீங்கள் எல்லாரும்' என்று மூன்றாம் முறையாகப் பன்மையைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

'வோஸ்' கீழே இறங்கிய காலத்தின் மனநிலையை அறிய, 1554இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்த 'லாசாரில்யோ தெ தோர்மெஸ்' என்ற சிறுநூலில் வரும் கனவானைப் பார்த்தால் போதும். தொலேதோ நகரில் வாழும் அவனுக்கு வீட்டில் ரொட்டித் துண்டுகூட இல்லை. வேலைக்காரச் சிறுவன் லாசாரோ பிச்சையெடுத்துக் கொண்டுவருவதைத்தான் கௌரவம் குறையாமல் உண்கிறான். அப்படிப்பட்டவன், கைவினைஞன் ஒருவன் தன்னைக் காணும்போதெல்லாம் 'கடவுள் காப்பாராக' என்ற முறையில் வணக்கம் சொன்னதற்காகச் சீறி விழுந்ததைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறான். தன்னைப் போன்ற ஒருவனுக்குக் குறைந்தது 'வுவெஸ்த்ரா மெர்செத்தின் கைகளை முத்தமிடுகிறேன்' என்றாவது சொல்ல வேண்டாமா என்பது அவன் வாதம். வயிறு காய்ந்தாலும் விளிச்சொல்லில் மட்டும் விட்டுக்கொடுக்க மறுக்கும் அவனைப் படித்துச் சிரிக்கலாம். ஆனால் ஒரு சொல்லை மேலும் மேலும் உயரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனவர்கள் அவனைப் போன்றவர்கள்தாம். அந்த நூல் முழுவதுமே பெயர் தெரியாத ஒரு 'வுவெஸ்த்ரா மெர்செத்'துக்கு எழுதிய கடிதமாக அமைந்திருப்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். நம் பழைய விண்ணப்பங்களின் 'தேவரீர்' என்பதை அந்த இடத்தில் வைத்துப் படித்தால் தொனி சரியாகப் பிடிபடுகிறது.

இந்த விளிச்சொற் பெருக்கம் அரசையே தலையிட வைத்தது. கடிதங்களிலும் பேச்சிலும் யார் யாருக்கு எந்தப் பட்டம் என்பதை வரையறுத்து இரண்டாம் பெலிப்பே மன்னன் 1586இல் ஓர் ஆணை பிறப்பித்தான். மன்னனாகிய தனக்கு எழுதும் கடிதத்தின் தலைப்பிலேயே 'ஐயா' என்று மட்டும் பொருள்படும் 'ஸென்யோர்' என்ற ஒற்றைச் சொல் போதும் என்று அது சொல்லியது. உலகின் பெரும்பகுதியை ஆண்டவன் ஒற்றைச் சொல்லோடு நிறைவடைந்தான். தெருவில் இருந்தவர்கள் நிறைவடையவில்லை. 'வுவெஸ்த்ரா மெர்செத்' பட்டம் எதுவும் இல்லாத எல்லாருக்கும் பொதுவான மரியாதையாகப் பரவிக்கொண்டே போயிற்று. செர்வாந்தெஸின் நாவலில் தொன் கிஹோத்தேயை அவன் பணியாள் சாஞ்சோ பான்சா பக்கத்துக்குப் பக்கம் அழைப்பதும் இந்தத் தொடரால்தான்.

ஒரு நாளைக்கு நூறு முறை சொல்ல வேண்டிய ஒன்றை நான்கு அசைகளில் யாரும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். 'வுவெஸா மெர்செத்', 'வுவெஸார்செத்', 'வோஸஸ்தெத்', 'வோஆசே' என்று பல தேய்ந்த வடிவங்கள் அக்காலத்து எழுத்துகளில் கிடைக்கின்றன. 17ஆம் நூற்றாண்டு நாடகங்களில் இவை பெரும்பாலும் வேலைக்காரர்கள், சண்டியர்கள் ஆகியோரின் வாயில் வருவது கவனிக்கத்தக்கது. நாடக ஆசிரியர்கள் இவற்றைக் கொச்சையாகவே கருதினார்கள். 'உஸ்தெத்' என்ற வடிவம் 1620ஆம் ஆண்டளவில் எழுத்தில் தலைகாட்டி, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஏனைய தேய்வுகளை ஓரங்கட்டிவிட்டது. கனவானின் பெருமைக்காக உண்டான தொடருக்கு வேலைக்காரர்கள் உருக்கொடுத்தார்கள். அந்த உருவத்தைத்தான் இன்று அரசு அலுவலகக் கடிதங்களில் மரியாதையின் அடையாளமாகப் பயன்படுத்துகிறார்கள். இதே பட்டறையில் 'உம்முடைய பிரபுத்துவம்' என்ற தொடர் 'உஸீயா' என்றும், 'உம்முடைய மேன்மை' என்பது 'வுவெசென்ஸியா' என்றும் சுருங்கின. அவை படைத்துறை, நீதிமன்றம் போன்ற இடங்களில் ஒதுங்கி நின்றுவிட்டதால் மேலும் தேயவும் இல்லை, பரவவும் இல்லை.

பழைய தொடரின் தழும்பு ஒன்று எழுத்திலும் எஞ்சியிருக்கிறது. 'உஸ்தெத்' என்பதைச் சுருக்கி எழுதும்போது இன்று பெரும்பாலோர் 'உ' ஒலிக்கான எழுத்தில் தொடங்கினாலும், அந்தச் சொல்லிலேயே இல்லாத 'வி' எழுத்தில் தொடங்கும் மற்றொரு சுருக்கமும் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. பழைய வணிகக் கடிதங்களில் அதை எங்கும் காணலாம். அந்த எழுத்து 'வுவெஸ்த்ரா' என்பதன் முதலெழுத்து. மேலும், சொல்லை முழுமையாக எழுதும்போது சிற்றெழுத்திலும் சுருக்கி எழுதும்போது பேரெழுத்திலும் தொடங்க வேண்டும் என்பது விதி.

'உஸ்தெத்' என்பது ஆசானைக் குறிக்கும் 'உஸ்தாத்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் அரபு மொழி புழங்கிய தீபகற்பத்தில் பிறந்த மொழி என்பதாலும், சர்க்கரை, தலையணை, எண்ணெய் முதலிய அன்றாடச் சொற்களையே அரபியிலிருந்து வாங்கிய மொழி என்பதாலும் இந்த ஊகம் கேட்பதற்கு இனிமையானது. நானும் சில நாட்கள் அதை நம்பினேன். ஆனால் இடைப்பட்ட வடிவங்கள் ஒவ்வொரு படியாக எழுத்தில் கிடைக்கும்போது அதற்கு இடமில்லை. யூதர்களின் ஸ்பானியம் மற்றொரு சான்று தருகிறது. 1492இல் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டு இஸ்தான்புல்லிலும் சலோனிக்காவிலும் குடியேறிய யூதர்கள், தங்கள் பழைய ஸ்பானியத்தைப் பல தலைமுறைகள் காத்துவந்தார்கள். அவர்கள் மொழியில் மரியாதைக்கு 'வோஸ்' இருக்கிறது, 'உஸ்தெத்' இல்லை. அரபுக் காலத்திலேயே அந்தச் சொல் பிறந்திருந்தால், அவர்களுடைய மூட்டைமுடிச்சிலும் அது போயிருக்கும்.

அண்டை மொழியான போர்த்துகீசியத்தில் இதே தொடர் வேறு கதியை அடைந்தது. 'வோஸா மெர்சே' என்பது 'வோஸ்மெசே' ஆகி, 'வோஸே' ஆகி, இன்று பிரேசிலின் பேச்சில் 'ஸே' என்ற ஒற்றை அசையாக நிற்கிறது. அங்கே அது பெரும்பாலான இடங்களில் வெறும் 'நீ'. ஒரே தாயின் இரண்டு பிள்ளைகளில் ஒன்று மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டது. மற்றொன்று தோளில் கைபோட்டுப் பேசும் சொல்லாகிவிட்டது.

அமெரிக்கக் கண்டத்துக்குப் போன ஸ்பானியத்தில் நடந்தது இன்னும் சுவையானது. குடியேறிகள் கப்பலேறியபோது 'வோஸ்' விலை குறைந்துகொண்டிருந்தது. மத்ரித் அதைக் கைவிட்டு, நெருக்கத்துக்கு 'தூ', மரியாதைக்கு 'உஸ்தெத்' என்று ஒழுங்குபடுத்திக்கொண்டபோது, அரசப் பிரதிநிதிகளின் அவைகள் இருந்த மெக்ஸிகோ நகரமும் லிமாவும் அந்த மாற்றத்தைப் பின்பற்றின. அந்த அலை வலுவாக எட்டாத லா பிளாத்தா ஆற்றுப் பகுதியிலும் நடு அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் 'வோஸ்' பிழைத்துக்கொண்டது, ஆனால் மரியாதைச் சொல்லாக அல்ல. பேரரசனுக்கு உரியதாயிருந்த சொல்லால் இன்று அர்ஜென்டினாவின் புவெனோஸ் ஐரெஸில் நண்பனையும் காதலியையும் அழைக்கிறார்கள். 'வோஸோத்ரோஸ்' என்ற பன்மையோ அமெரிக்கப் பேச்சில் மறைந்தேவிட்டது. ஆகவே அங்கே ஒரு தாய் தன் சிறு பிள்ளைகள் இருவரைக் கூப்பிட்டுக் கண்டிப்பதென்றாலும், 'உம்முடைய அருள்கள்' என்று பொருள்படும் 'உஸ்தெதெஸ்' என்ற சொல்லால்தான் கண்டிக்க வேண்டும்.

ஸ்பெயினில் 'உஸ்தெத்' அரசியலுக்குள்ளும் இழுக்கப்பட்டது. உள்நாட்டுப் போரின் முதல் ஆண்டில், 1936 டிசம்பரில், பார்சலோனாவுக்கு வந்த ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், புரட்சியாளர்களின் கையில் இருந்த அந்நகரத்தில் ஒருவரும் 'ஸென்யோர்' என்றோ 'தொன்' என்றோ 'உஸ்தெத்' என்றோ சொல்லவில்லை, எல்லாரும் எல்லாரையும் தோழர் என்றும் 'தூ' என்றும் அழைத்தார்கள் என்று பதிவு செய்திருக்கிறார். சில மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது பழைய விளிகள் மீண்டுவிட்டதையும் அவரே எழுதியிருக்கிறார். ஆனால் எந்த ஆணையும் போராட்டமும் இல்லாமல், 1975இல் பிராங்கோ இறந்த பிறகு வந்த பத்தாண்டுகளில் 'தூ' தானாகவே பரவியது. இன்று மத்ரித்தில் கடைக்காரர் அறிமுகம் இல்லாத வாடிக்கையாளரை 'தூ' என்றழைப்பது இயல்பு. 'உஸ்தெத்' என்று அழைக்கப்பட்டால், தமக்கு அவ்வளவு வயதாகிவிட்டதா என்று முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இதையே விதியாகக் கொண்டு கொலம்பியாவின் மலைப்பகுதிக்குப் போனால் ஏமாந்துபோவோம். போகோத்தாவில் நெருங்கிய நண்பர்களும் உடன்பிறந்தவர்களும் 'உஸ்தெத்' என்று பேசிக்கொள்வது வழக்கம். கோஸ்தா ரிக்காவில் குழந்தையை மட்டுமன்றி வீட்டு நாயையும் 'உஸ்தெத்' என்று கூப்பிடுவதுண்டு. விலகி நிற்பதற்கென்று உண்டான சொல் அங்கே மடியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஆசிரியை என் தாயாரை 'சு மாத்ரெ' என்று விசாரித்தபோது, அதில் இருந்தது முறைசார்ந்த விலகலா, அன்பா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவரிடமே கேட்டேன். அப்படிப் பிரிக்க வேண்டும் என்று தமக்கு ஒருபோதும் தோன்றியதில்லை என்றார்.

அந்த உரையாடலின்போதுதான் அவர் மற்றொரு சொல்லைச் சொன்னார். போகோத்தாவுக்கு வடகிழக்கே உள்ள போயாக்கா மாநிலத்தில், 'உம்முடைய' என்ற சொல்லுக்குப் பதிலாக 'சு' சேர்ந்து பிறந்த 'சு மெர்செத்' என்ற தொடர், 'சுமெர்சே' என்று இன்றும் உயிரோடிருக்கிறது. அதற்குள் 'மெர்செத்' ஏறக்குறைய முழுமையாகக் கேட்கிறது. சந்தையில் உருளைக்கிழங்கு விற்கும் பெண் வாங்க வருபவரையும், மகன் தாயையும், தாய் மகனையும், கணவன் மனைவியையும் அப்படி அழைக்கிறார்கள். ஆசிரியையின் பாட்டி போயாக்காவைச் சேர்ந்தவர். அவர் பேரப்பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடும்போது 'சுமெர்சே' என்பாராம். கோபம் வந்தால் மட்டும் 'உஸ்தெத்'துக்கு மாறுவாராம். அன்றைய பாடம் முடிந்ததும் வந்த செய்தியில், அடுத்த வகுப்புக்கு நான் எழுதிவர வேண்டிய பயிற்சியைக் குறித்துவிட்டு, கடைசி வரியில், "சுமெர்சேயின் தாயார் நலம்தானே?" என்று ஆசிரியை எழுதியிருந்தார். இம்முறை என் தாயாரைப் பற்றியே விடை எழுதினேன்.